பள்ளியில் வதைபடும் பிள்ளைக்குப் பின்னாளில் என்ன ஆகிறது?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குச் சிறிது திக்குவாய் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் நான்கைந்து பையன்கள் அவனைப் போலவே பேசிக் காட்டுகிறார்கள்; பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்; பையை ஒளித்து வைக்கிறார்கள். “ஆம்பளப் பையன், நாலு பேர் கிண்டல் பண்ணத்தான் செய்வாங்க, நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்” என்கிறார் என் கணவர். இது அவனை நிலையாகப் பாதிக்குமா, அல்லது நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினால் இது நின்றுவிடுமா?

பதில்:

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. அதே சமயம், உங்கள் கணவர் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. பள்ளியில் கேலிக்கு ஆளான எல்லாப் பிள்ளைகளும் பின்னாளில் நொடிந்துபோய்விடுவதில்லை என்பது உண்மைதான். சிலருக்கு அது ஆறிவிடுகிறது, சிலருக்கு ஐம்பது வயதிலும் ஆறுவதில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே கவனிக்க வேண்டிய கேள்வி. பல ஆண்டுகள் ஆசிரியராகவும், பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆலோசகராகவும் இருந்த அனுபவத்திலிருந்தும், இத்துறை ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருவதிலிருந்தும் நான் வந்தடைந்த முடிவு இது: விழுந்த அடியின் பலத்தைவிடவும், சொன்ன சொல்லின் கூர்மையைவிடவும், “இதை என்னால் நிறுத்த முடியாது, எனக்காகக் கேட்கவும் ஆளில்லை” என்ற நிலையில் அந்தப் பிள்ளை எத்தனை நாள் விடப்பட்டது என்பதே காயத்தின் ஆழத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிண்டல், கேலி, நக்கல், ஓட்டுதல், கலாய்த்தல் என்று நம் பேச்சில் இதற்கு இருக்கும் சொற்கள் அனைத்திலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. “சார், என்னைக் கலாய்க்கிறாங்க” என்று ஒரு பையன் வந்து நின்றால் கேட்கும் ஆசிரியருக்கே புன்னகை வந்துவிடும். எனக்கும் வந்திருக்கிறது, அதை நினைத்துப் பின்னர் வெட்கப்பட்டும் இருக்கிறேன். இலங்கைத் தமிழர் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ராகிங்குக்குப் ‘பகிடிவதை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பகிடியாக, அதாவது கேலியாகத் தொடங்குவது எங்கே போய் முடிகிறது என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. பள்ளியில் நடப்பதைக் குறிக்க அதன் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தப் பதில் முழுவதும் ‘வதை’ என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் உயிர் போகும் அளவுக்கு எட்டாதவரை நாம் அதை விளையாட்டுக் கணக்கிலேயே வைத்திருக்கிறோம்.

விளையாட்டுக்கும் வதைக்கும் இடையே கோடு கிழித்துக் காட்டியவர்களில் முன்னோடி டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றியவர். 1982ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்கள் அவர்களைக் கடுமையாக வதைத்தது அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே அந்நாட்டு அரசு எல்லாப் பள்ளிகளிலும் வதைக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியது. ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: செய்பவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள், அது திரும்பத் திரும்ப நடக்கிறது, இரு தரப்புக்கும் இடையே பலம் சமமாக இல்லை. சம பலமுள்ள இரண்டு பையன்கள் மைதானத்தில் சட்டை கிழியச் சண்டை போட்டாலும் அது வதை ஆகாது. மறுநாள் இருவரும் ஒரே சைக்கிளில் போவார்கள். உங்கள் மகன் விஷயத்தில் மூன்று அடையாளங்களும் இருக்கின்றன. நான்கைந்து பேருக்கு எதிரே ஒருவன். ஜூன் முதல் தொடர்கிறது. அவன் திருப்பிச் சொல்ல வாயெடுத்தால் அந்த வாயே அவர்களுக்குக் கேலிப் பொருளாகிவிடுகிறது. பலம் சமமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. “நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்” என்று சொல்பவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பது முதல் வகையை, அதாவது இருதரப்பும் மாறி மாறிக் கேலி செய்துகொண்ட நட்பை. அதில் வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் வியப்பில்லை.

நிலையான பாதிப்பு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நான் அறிந்த மிக உறுதியான சான்று பிரிட்டனிலிருந்து கிடைக்கிறது. 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் பிறந்த குழந்தைகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்து, அவர்கள் வளர வளரப் பின்தொடர்ந்து வந்தார்கள். ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் “மற்ற பிள்ளைகள் உங்கள் குழந்தையை வதைக்கிறார்களா?” என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துவைத்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அவர்களில் 7,771 பேரின் விவரங்களை ஐம்பது வயது வரை தொடர்ந்து பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். சிறு வயதில் எப்போதாவது வதைக்கு ஆளானவர்கள் 28 விழுக்காடு, அடிக்கடி ஆளானவர்கள் 15 விழுக்காடு. அடிக்கடி வதைபட்டவர்களிடம் நாற்பத்தைந்து வயதில் மனச்சோர்வு நோயும், பதற்ற நோயும், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. ஐம்பது வயதில் அவர்களுக்குத் துணையோடு வாழும் வாய்ப்பும், ஆபத்துக்கு உதவும் நண்பர்களும் குறைவு, படிப்பும் குறைவு, ஆண்களுக்கு வேலையும் ஊதியமும் குறைவு.

“அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே ஏழ்மையிலோ மனக்கோளாறோடோ இருந்திருப்பார்கள், அதனால்தான் வதைக்கும் ஆளானார்கள், பிறகும் கஷ்டப்பட்டார்கள்” என்று ஒருவர் வாதிடலாம், நியாயமான வாதமும்கூட. ஆய்வாளர்கள் குடும்பத்தின் பொருளாதார நிலை, குழந்தையின் அறிவுத்திறன், முன்பே இருந்த நடத்தைச் சிக்கல்கள், பெற்றோரின் அக்கறை ஆகியவற்றையெல்லாம் கணக்கில் கொண்ட பிறகும் வதையின் தடம் மறையவில்லை. பெற்றோரைப் பிரிந்து காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் ஏற்பட்ட பாதிப்போடு ஒப்பிடக்கூடிய அளவில் அது இருந்தது. ஆனால் இது வாய்ப்புகளின் கணக்கு, தலைவிதி அல்ல என்பதையும் நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும். அடிக்கடி வதைபட்டவர்களிலும் நலமாக வாழ்ந்தவர்கள் ஏராளம்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது மிகச் சிறிய ஆய்வு ஒன்று. ஒரே கருவிலிருந்து பிறந்த, உருவம் ஒத்த இரட்டையர்களில் ஒருவர் மட்டும் பள்ளியில் வதைபட்ட முப்பது இணைகளை, பன்னிரண்டு வயதில் அழைத்துவந்து சற்று மன அழுத்தம் தரும் சோதனைக்கு உட்படுத்தினார்கள். மரபணு ஒன்று, வீடு ஒன்று, தாய் தந்தையர் ஒன்று. வேறுபாடு வதை மட்டுமே. வதைபடாத பிள்ளைக்கு எதிர்பார்த்தபடி உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உயர்ந்தது. ஆபத்து வந்தால் உடலை எழுப்பிவிடும் ஹார்மோன் அது. வதைபட்ட பிள்ளைக்கு அது எழவில்லை. தினமும் தேவையின்றி அடித்துக்கொண்டே இருந்த எச்சரிக்கை மணி, உண்மையில் தேவைப்படும்போது அடிக்க மறந்துவிட்டது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து இளமைப் பருவம் வரை பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வில், வதைபட்டவர்களின் இரத்தத்தில் உடலின் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் வயதோடு சேர்ந்து மற்றவர்களைவிட அதிகமாக ஏறியது. வதைத்தவர்களுக்கு அது மிகக் குறைவாகவே ஏறியது. அடுத்தவனை மட்டம் தட்டியவனுக்கு உடல்நலத்திலும் ஒரு லாபம் கிடைத்திருக்கிறது; கசப்பான முடிவு, ஆனால் முடிவு அதுதான்.

உடலில் இப்படி என்றால் உள்ளத்தில் என்ன நடக்கிறது? வதைபடும் பிள்ளைக்கு நாள்தோறும் விடை தேட வேண்டிய ஒரு கேள்வி உண்டு: “ஏன் என்னை?” இதற்கு இரண்டு விதமாக விடை சொல்லிக்கொள்ளலாம். “இடைவேளையில் நான் அந்தப் படிக்கட்டுப் பக்கம் போயிருக்கக் கூடாது” என்பது ஒரு விடை. அதில் வருத்தம் இருந்தாலும் நாளைக்கு வேறு வழியாகப் போகலாம் என்ற வாசலும் இருக்கிறது. “நான் இப்படிப்பட்டவன், அதனால்தான்” என்பது இன்னொரு விடை. அதற்கு வாசல் இல்லை. தன்னிடமிருந்து தானே எங்கே போவது? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிப் பள்ளிகளில் சாண்ட்ரா கிரஹாம், யானா யுவோனன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரண்டாவது வகையில் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் வதைபட்ட பிள்ளைகளிடமே தனிமையும் பதற்றமும் தாழ்வுணர்ச்சியும் மிகுந்திருப்பதைக் காட்டியது. முதலில் அடுத்தவன் வைத்த பட்டப்பெயர், சில மாதங்களில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயராகிவிடுகிறது. அதன் பிறகு வதைப்பவர்கள் வேறு பள்ளிக்கே போய்விட்டாலும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

இதற்கு விசித்திரமான ஒரு சான்று பின்லாந்திலிருந்து வந்திருக்கிறது. துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியின் தலைமையில் உருவான ‘கிவா’ என்ற திட்டம் அந்நாட்டுப் பள்ளிகளில் வதையைக் கணிசமாகக் குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் வதை குறைந்துவிட்ட வகுப்புகளில் தொடர்ந்து வதைபட்ட மிச்சம் சிலரின் நிலை, வதை நிறைந்த வகுப்புகளில் வதைபட்டவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது. நான்கு பேர் அடிவாங்கும் வகுப்பில் “இந்தப் பசங்களே மோசம்” என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோரும் நிம்மதியாக இருக்கும் வகுப்பில் ஒருவன் மட்டும் அடிவாங்கினால் “என்னிடம்தான் கோளாறு” என்ற விடை ஒன்றே மிஞ்சுகிறது. அடியின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கலாம். காயத்தை ஆழமாக்குவது தனித்துவிடப்படுதல் என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

திக்குவாயுள்ள பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது “உள்ளேன் ஐயா” என்று சொல்ல வேண்டுமே என்பதிலேயே அவன் நாள் தொடங்குகிறது. தமிழ் வகுப்பில் வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொன்னால், தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று விரல்விட்டு எண்ணி, அதில் எந்தச் சொல் மாட்டும் என்று தேடிக்கொண்டிருப்பான். அதற்கு முன்னால் மற்றவர்கள் வாசித்த நான்கு பத்தியும் அவன் காதில் விழுந்திருக்காது. பதற்றம் கூடினால் திக்கல் கூடும். திக்கல் கூடினால் சிரிப்பு கூடும். நன்றாக விடை தெரிந்த கேள்விக்குக்கூடத் “தெரியாது” என்று சொல்லிவிடுவது எளிது என்று அவன் கண்டுபிடித்துவிடுவான், ஏனெனில் அந்தச் சொல்லை அவன் பலமுறை ஒத்திகை பார்த்திருப்பான். இப்படித்தான் மதிப்பெண் சரிகிறது. வதைபடும் பிள்ளைகளின் படிப்பு கெடுவதை ‘கவனச் சிதறல்’ என்று மதிப்பெண் அட்டையில் எழுதுகிறோம். உண்மையில் அவர்கள் கவனம் சிதறவேயில்லை. எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று முழுக் கவனத்தோடு காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாய் சொல்லாததை உடல் சொல்லும். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, ஞாயிறு மாலையே தொடங்கும் தலைவலி, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுதல், சில சமயம் வளர்ந்த பிறகும் படுக்கையில் சிறுநீர் கழித்தல். முப்பது ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, இத்தகைய உடல் தொல்லைகள் வதைபடும் பிள்ளைகளுக்கு வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த வயிற்றுவலி நடிப்பல்ல என்பதை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். வலி உண்மை, காரணம் மட்டும் வயிற்றில் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுகிறானா? ஆசிரியர் கண்ணுக்கு எட்டாத இடம் கழிப்பறை என்பதால், வதைபடும் பிள்ளைகள் பலர் காலை முதல் மாலை வரை அங்கே போகாமல் அடக்கிக்கொண்டு, அதற்காகத் தண்ணீரும் குடிக்காமல் இருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வந்தால் அதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு. சாப்பாட்டு டப்பா அப்படியே வருவது, அடிக்கடி பேனாவும் நோட்டும் ‘தொலைவது’, கூடுதல் காசு கேட்பது, வேனில் போக மறுத்து நடந்து போகிறேன் என்பது ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

பிள்ளை ஏன் வாயைத் திறந்து சொல்வதில்லை என்று பெற்றோர் வருந்துகிறார்கள். கோழைத்தனம் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அது ஒரு கணக்கு: சொன்னால் நிற்குமா, அல்லது இரண்டு மடங்காகுமா? இந்தக் கணக்கு தவறென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 2023 ஆகஸ்ட் மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் என்ன நடந்தது என்பது தமிழ்நாடே அறியும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் படித்த ஆதிக்கசாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார், காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னார், புகாரும் தரப்பட்டது. அன்றிரவே வீடு புகுந்து அவரையும், தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். புகார் சொல்வது என்றால் என்ன என்பதை அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அன்று எப்படிக் கற்றிருப்பார்கள்? அந்த மாணவர் கையில் வெட்டுக்காயங்களோடு, சொல்வதை எழுதுபவரின் துணையுடன் பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 மதிப்பெண் பெற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு தமிழ்நாடு அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் மணிக்கட்டுக் கயிறுகளுக்குத் தடை உட்படப் பல பரிந்துரைகளைச் செய்தது. உங்கள் மகனின் வகுப்பில் நடப்பது அந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. சாதியோடு கூடிய வதைக்கு ஊரின் பலமும் பின்னால் நிற்கிறது. அது தனி விஷயம். புகார் சொன்ன பிள்ளையைக் காக்கும் ஏற்பாடு முதலில் இருக்க வேண்டும், புகார் அதற்குப் பிறகுதான் என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

வதைப்பவர்கள் நான்கு பேர், வதைபடுபவன் ஒருவன் என்றால் வகுப்பில் மிச்சமுள்ள முப்பத்தைந்து பேர் என்ன செய்கிறார்கள்? கனடாவில் பள்ளி விளையாட்டு மைதானங்களைக் காணொளியில் பதிவு செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான வதைகள் சக பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே நடந்தன. ஏறத்தாழ ஐந்தில் ஒரு நிகழ்வில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். ஆனால் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிக்குள் அது நின்றுவிட்டது. வதைப்பவனுக்கு வேண்டியது பார்வையாளர்களின் சிரிப்பு, அது போனால் அவனுக்கு அதில் சுவை போய்விடுகிறது. வதைபட்டுப் பெரியவர்களானவர்கள் என்னிடம் பேசும்போது, அடித்தவன் பெயரைக்கூடச் சில சமயம் மறந்திருக்கிறார்கள். அப்போது தலையைக் குனிந்துகொண்ட நண்பன் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்பதை மறக்கவில்லை.

உங்கள் கணவரின் வாதத்துக்கு மீண்டும் வருகிறேன். பழைய மாணவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரைச் சேர்த்தார்கள். வங்கியில் நல்ல பதவியில் இருப்பவர். சேர்த்த ஐந்தாவது நிமிடம் யாரோ அந்தக் காலத்துப் பட்டப்பெயரைப் போட்டு வரவேற்க, சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு மணி நேரத்துக்குள் அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். “இன்னும் அதையே பிடிச்சிட்டிருக்கான்” என்று மற்றவர்கள் வியந்தார்கள். அவர்கள் பொய்யாக வியக்கவில்லை; அவர்களுக்கு உண்மையாகவே அது இனிய நினைவு. ஒரே வகுப்பறையில் இருந்த இரண்டு பேருக்கு இரண்டு குழந்தைப் பருவங்கள். “நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்” என்பவர் பேச்சில் அந்த ‘நாங்கள்’ யார் என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியேறிப் போனவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள்.

“திருப்பி அடி” என்ற யோசனையும் உங்கள் வீட்டில் எழுந்திருக்கும். முன்சொன்ன வட கரோலினா ஆய்வின் 2013ஆம் ஆண்டு முடிவுகளில், வதைபட்டுக்கொண்டே மற்றவர்களை வதைக்கவும் செய்த பிள்ளைகளின் நிலைதான் வளர்ந்த பிறகு எல்லாரையும்விட மோசமாக இருந்தது. வதைபட்டவன் தன்னைவிட இளைத்தவனைத் தேடிப் போவது அபூர்வமல்ல. தற்காப்பு கற்றுக்கொள்வது வேறு, இது வேறு. வீட்டில் தம்பி தங்கையிடம் அவன் நடந்துகொள்ளும் விதம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, நீங்கள் என்ன செய்யலாம். பிரிட்டனில் 1994, 1995ஆம் ஆண்டுகளில் பிறந்த இரட்டையர்களைப் பின்தொடரும் ஆய்வு ஒன்றில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த செய்தி இருக்கிறது: தாயின் பரிவும், உடன்பிறந்தாரின் அன்பும், அமைதியான வீட்டுச் சூழலும் கிடைத்த பிள்ளைகள், அதே அளவு வதைபட்டும் மனத்தளவில் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள். வீடு வதையை நிறுத்தாது. ஆனால் “என்னிடம்தான் கோளாறு” என்ற விடை வேர்விடாமல் தடுக்கும். அதற்கு நீளமான அறிவுரை வேண்டியதில்லை. அவன் பேசும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காமல் முடிக்கும்வரை காத்திருங்கள். “நீ என்ன பண்ணின?” என்று தொடங்காமல் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். “நீ சொன்னது நல்லது, உன்னைக் கேட்காமல் நான் எதுவும் செய்ய மாட்டேன்” என்ற உறுதியைக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். முடிந்தால் இதை அவன் அப்பாவே சொல்லட்டும். ஆண்பிள்ளைக்கு அந்த வாயிலிருந்து வரும்போது அதற்குத் தனி எடை.

பள்ளிக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். தேதி, இடம், நடந்தது, உடனிருந்தவர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசி, எழுத்திலும் கொடுத்து, என்ன செய்தார்கள் என்று பத்து நாள் கழித்துக் கேட்க ஒரு தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி “கை குலுக்கிக்கோங்க, இனிமே ஃபிரண்ட்ஸ்” என்று சமாதானம் செய்யும் வழக்கத்தை மட்டும் ஏற்க வேண்டாம். இரண்டு பேர் சண்டை போட்டால்தான் அது சமாதானம். வதைக்குப் பிறகு அது வதைபட்டவனை இன்னொரு முறை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துவதாகும். வாய்விட்டு வாசிக்கும் முறை, இருக்கை, இடைவேளைக் கண்காணிப்பு ஆகிய மூன்றையும் மாற்றித் தரும்படி கேளுங்கள். இவை ஆசிரியரின் கைக்குள் இருப்பவை. அரசுப் பள்ளியென்றால் மாணவர்கள் புகார் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கும். பள்ளி அசையவில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை அழைக்கலாம். அவன் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினாலோ, “நான் இல்லாம இருந்தா நல்லது” என்பது போல ஒரு வார்த்தை வந்தாலோ, விளையாட்டாகச் சொன்னான் என்று விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். வேறு பள்ளிக்கு மாற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவன் விரும்பினால். “நான்தான் வெளியேற வேண்டியவன்” என்று அவன் அதைப் புரிந்துகொண்டால், செய்த உதவியே எதிராகத் திரும்பும்.

பேச்சுப் பயிற்சிக்கு அவசியம் அனுப்புங்கள். திக்குவாய்க்குப் பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளரிடம் போவதால் அவனுக்குப் பயன் உண்டு. ஆனால் “இது சரியாயிட்டா அவனுங்க உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டானுங்க” என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். அப்படிச் சொன்னால், தவறு செய்தது அந்தப் பையன்கள் அல்ல, தன் நாக்குதான் என்று நீங்களும் ஒத்துக்கொண்டதாக அவன் எடுத்துக்கொள்வான். பயிற்சி ஒரு நாளில் இருக்கட்டும், ஆசிரியரைப் பார்க்கப் போவது வேறொரு நாளில் இருக்கட்டும். ஆசிரியரைப் பார்க்கும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.